தனி இலையும் தனி ஆளும்: சிராங்கூன் சாலைச் சாப்பாட்டுக் கடைகள்

சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையில் தமிழர் நடத்திய சாப்பாட்டுக் கடைகளை வளர்த்த வாடிக்கையாளர், குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டுக் கப்பலேறி வந்த ஒற்றை ஆள் என்பதை மனத்தில் கொண்டால்தான், இன்று அங்கே தனியாக வந்து அமரும் பயணியை எவரும் திரும்பிப் பார்க்காததன் காரணம் விளங்கும். 1931ஆம் ஆண்டின் குடிக்கணக்கில் சிங்கப்பூர் இந்தியரிடையே ஒரு பெண்ணுக்கு ஏறத்தாழ ஐந்து ஆண்கள் இருந்தனர். துறைமுகத்திலும் நகராட்சி வேலைகளிலும் மாட்டுப் பட்டிகளிலும் உழைத்த அவர்களில் பெரும்பாலோருக்கு அடுப்பு வைத்த வீடு என்று ஒன்று இல்லை.

இவ்வாறு தனியாக வந்த இந்தியருள் வசதி படைத்த நகரத்தார், மார்க்கெட் ஸ்ட்ரீட்டின் கிட்டங்கிகளில், அதாவது தொழிலும் தங்குமிடமும் ஒரே கூரையின்கீழ் அமைந்த நீண்ட கட்டடங்களில், சமையற்காரரை வைத்துக்கொண்டு பந்தியாக உண்டனர். கிட்டங்கி இல்லாதவருக்குக் கடையே பந்தியாயிற்று. 1924இல் தொடங்கிய ஆனந்த பவனும், 1947இல் சிராங்கூன் சாலையில் தோன்றிய கோமள விலாஸும் இந்தத் தேவையின் நடுவே வேரூன்றிய சைவ உணவகங்களாகும்.

இக்கடைகளின் தனிச்சிறப்பு இலையில் இருக்கிறது. சீன உணவகத்து விருந்தில் பதார்த்தங்கள் மேசையின் நடுவே வைக்கப்பட்டுப் பலரால் பகிரப்படுவதால், ஒருவர் மட்டும் சென்றால் ஓரிரு வகைக்குமேல் சுவைக்க இயலாது. வாழையிலைச் சாப்பாடோ ஓர் ஆளுக்கு ஓர் இலை என்று அளக்கப்படுவதால், பத்துப் பேருடன் வந்தவருக்குக் கிடைக்கும் அதே கூட்டும் பொரியலும் ரசமும் மோரும் தனியே வந்தவருக்கும் குறைவின்றிக் கிடைக்கின்றன. பரிமாறுபவர் வரிசையில் திரும்பத் திரும்ப வந்து கேட்பதும், உண்டு முடித்தவர் இலையை மடித்துப் பேச்சின்றியே அதை உணர்த்துவதும், அறிமுகமில்லாதவர் எதிரில் அமர்வதும் சேர்ந்து, தனிமையைக் கூச்சமில்லாத நிலையாக்கின. உணவு வரலாற்றில் இதற்கு உரிய மதிப்பு இன்னும் தரப்படவில்லை.

தெருவோர வியாபாரிகளை அரசு 1971 முதல் 1986 வரை உணவங்காடி நிலையங்களுக்குள் குடியேற்றியபோது, பொது மேசையில் முன்பின் தெரியாதவருடன் உண்ணும் பழக்கம் சிராங்கூன் சாலையிலுள்ள தேக்கா உட்பட நகர் முழுவதும் நிலைபெற்றது. தனியாக வந்தவர் உணவு வாங்க எழுந்து சென்றால் இடம் பறிபோகும் என்ற இடர்ப்பாட்டுக்கும், மேசைமீது கைத்துடைப்புத் தாள் பொட்டலத்தை வைத்து இடம்பிடிக்கும் ‘சோப்’ என்னும் வழக்கத்தில் விடை கிடைத்தது. 2020 டிசம்பரில் யுனெஸ்கோ இந்த அங்காடி உணவுப் பண்பாட்டை மனிதகுலத்தின் மரபுச் செல்வமாக ஏற்றது.

ஆனால் இந்த வரலாறு பெரிதும் ஆண்களுடையது. வீட்டுக்கு வெளியே உண்பதே பெண்ணுக்குத் தகாது என்று கருதிய சமூகத்தில், ஆண்கள் நிறைந்த கடையில் ஒரு பெண் தனியே இலை போட்டு அமர்வதற்குத் துணிவு வேண்டியிருந்தது. ஆசிரியைகளும் தாதியரும் அலுவலகப் பெண்களும் சொந்த ஊதியத்துடன் நகரில் நடமாடத் தொடங்கிய பிறகே அந்த இடம் மெல்லத் திறந்தது. இன்று தேக்காவில் தனியாகத் தோசை உண்ணும் பெண் பயணியின் இயல்பான அமைதிக்கு அவர்களே வழிவகுத்தனர். கடை உரிமையாளர்களின் வாழ்க்கை எழுதப்படும் அளவுக்கு அப்பெண்களின் அனுபவம் எழுதப்படவில்லை. அந்தத் தலைமுறையினர் நம்மிடையே இருக்கும்போதே அவர்களின் நினைவுகளைக் கேட்டுப் பதிவு செய்வது சிங்கப்பூர்த் தமிழரின் கடமை.