கொடுமணல் கல்மணித் தொழில்

கொடுமணல், ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் ஆற்றின் வடகரையில் உள்ள சிற்றூர். பதிற்றுப்பத்தில் கபிலரும் அரிசில்கிழாரும் அணிகலன்களோடு சேர்த்துக் குறிப்பிடும் கொடுமணம் இவ்வூரே என்பது ஆய்வாளர் கருத்து. 1985 முதல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் இங்கு நடத்திய அகழாய்வுகளில் பளிங்கு, செவ்வந்திக்கல், பெரில், சூதுபவளம் முதலிய கற்களாலான மணிகள் கிடைத்தன.

பளிங்கும் செவ்வந்திக்கல்லும் ஒரே கனிமம்தான். பளிங்கில் சிறிதளவு இரும்பு கலந்து, பாறையின் இயற்கைக் கதிர்வீச்சும் பட்டால் ஊதா நிறம் உண்டாகிறது. அபூர்வக் கல் சேகரிப்போர் அந்த நிறத்தைத்தான் தேடுவர். வரலாற்று மாணவருக்கோ உடைந்த கல்லே பெரிது! முழு மணி வேறு ஊரிலிருந்தும் வந்திருக்கலாம். மூலக்கல், சில்லு, பாதி தீட்டியது, துளை முடியாதது எல்லாம் ஓரிடத்தில் கிடந்தால்தான் அங்கே பட்டறை இருந்தது என்று துணிந்து சொல்ல முடியும். கொடுமணலில் அவ்வாறே கிடைத்தன. எந்தக் குழியில், எந்த மண்ணடுக்கில் என்ற பதிவின்றிப் பொறுக்கிச் சென்ற மணி இதைச் சொல்லாது.

மூலக்கற்களில் பல அக்கம்பக்கத்தவை: பளிங்கு அரசம்பாளையத்திலும் பெரில் படியூரிலும் கிடைக்கும். சூதுபவளம் மட்டும் உள்ளூர்க் கல் அன்று. குசராத்துப் பகுதியிலிருந்து வந்ததாகக் கருதப்படுகிறது.