இறுமாப்பும் மனந்திரும்புதலும் (எபிரேயத் தீர்க்கதரிசிகள்)

பாவத்தோடு, அதை ஒப்புக்கொள்ள விடாத இறுமாப்பையும் எபிரேயத் தீர்க்கதரிசிகள் கடிந்தனர். கி.மு. 8ஆம் நூற்றாண்டில் ஓசியா, அடிபட்ட பின்னும் இஸ்ரவேல் அகந்தையால் தேவனிடம் திரும்பவில்லை என வருந்தினார். ஏசாயா கண்ட சமாரியரோ, விழுந்த செங்கல் சுவர்களைச் செதுக்கிய கல்லால் எழுப்புவோம் என்று வீறாப்புப் பேசினர். அவை ஏன் விழுந்தன என்று கேட்கவில்லை.

இந்த இறுமாப்புக்கு மிகத் துலக்கமான சான்று எரேமியா நூலின் 36ஆம் அதிகாரம். குளிர்கால மாளிகையில் கணப்பருகே அமர்ந்திருந்தான் யூதாவின் அரசன் யோயாக்கீம். தீர்க்கதரிசி எரேமியா சொல்ல, அவருடைய எழுத்தர் பாரூக் எழுதிய எச்சரிப்புச் சுருளில் மூன்று நான்கு பத்திகள் வாசிக்கப்படும்போதெல்லாம், அந்தப் பகுதி கத்தியால் அறுக்கப்பட்டு நெருப்பில் விழுந்தது. அதிகாரிகள் மூவர் மன்றாடியும் பயனில்லை. அவன் தந்தை யோசியாவோ, நியாயப்பிரமாண நூலைக் கேட்டதும் ஆடையைக் கிழித்து அழுதவர். எரிந்த சுருளுக்கு ஈடாகப் பாரூக் இன்னொன்றை எழுதினார். அதில் முன்னதைவிடச் சொற்கள் அதிகம்.