கையடக்கக் கருவியில் மோட்டார் ஓட்டம்: மெய்ம்மை நாடிய வரலாறு

மோட்டார்ப் பந்தயத்தைத் திரையிலே நடித்துக்காட்டும் விளையாட்டுக்கள் இருவகைப்படும். விரைவின் களிப்பை மட்டும் தருவன ஒருசார். வண்டியின் பாரம், ரயரின் பிடிப்பு, பிறேக்கின் வலிமை ஆகியவற்றைக் கணக்கிட்டு, மெய்யான வண்டி செல்லுமாறே செலுத்த முயல்வன மற்றொருசார். பின்னையவே ஈண்டு எமது ஆராய்ச்சிக்குரியன. அவற்றுள்ளும், தொலைக்காட்சிப் பெட்டியோடு பொருத்தி ஆடப்படுவனவற்றை விடுத்து, கையில் ஏந்தி ஆடும் சிறு கருவிகளுக்கென எழுந்தவற்றையே நோக்குவாம். சிறு கருவியுள் எல்லாவற்றையும் அடக்கல் இயலாது. எதனைக் கொள்வது, எதனைக் கைவிடுவது என்னும் வினா காலந்தோறும் எழுந்தது. அதற்கு அளிக்கப்பட்ட விடைகளின் வரிசையே இத்துறையின் வரலாறு எனலாம்.

அமெரிக்க மற்றெல் நிறுவனம் 1976 ஆம் ஆண்டில் வெளியிட்ட 'ஓட்டோ றேஸ்' என்பதை, முற்றும் மின்னணு முறையில் இயங்கிய முதற் கையடக்க விளையாட்டு என்பர். அதிலே படந்தரும் திரை இல்லை. செந்நிற ஒளிக்கீற்றுக்கள் சில உண்டு. அடியிலுள்ள கீற்று ஆடுவோன் வண்டி. எதிரே இறங்கி வருவன பிறர் வண்டிகள். அதன் நிரல் முழுவதும் ஏறக்குறைய 512 பைற்றுக்களுள் அடங்கியது. இன்றைய கணனியில் இந்தப் பந்தியைத் தமிழ் எழுத்திற் பதிந்துவைப்பதற்கும் அவ்விடம் போதாது. அங்கே மெய்ம்மையைத் தேடுதல் வீண்.

யப்பானிய நின்டெண்டோ நிறுவனம் 1989 இல் 'கேம் போய்' கருவியையும், மறுவருடம் அதற்கென 'எவ்-1 றேஸ்' என்னும் விளையாட்டையும் வெளியிட்டது. நால்வர் தத்தம் கருவிகளை இணைத்து ஒருங்கே போட்டியிடல் அதிற் கைகூடியது. ஆயினும் அங்கே தெரு என்பது கோடு கோடாக இடமும் வலமும் நகர்த்தப்பட்ட ஓவியமே. 2001 இல் வந்த 'கேம் போய் அட்வான்ஸ்' கருவியிலே தட்டையான நிலப்படத்தைச் சுழற்றிச் சரித்துக் காட்டும் ஆற்றல் இருந்தது. 'ஜீ.ரீ. அட்வான்ஸ்' முதலியன அவ்வாற்றலையே பயன்கொண்டன. மேடு பள்ளமற்ற அந்நிலத்தில் வண்டியின் பாரம் முன்னும் பின்னும் சாய்வதை உணர்த்துதல் அரிதாயிற்று.

இவ்விடத்தே மெய்ம்மை என்பது யாதென விளக்குதல் வேண்டும். ரயரின் பிடிப்புக்கு ஓர் எல்லை உண்டு. அப்பிடிப்பை வேகந்தணிப்பதற்கும் திரும்புவதற்கும் பங்கிட்டுக்கொள்ளல் வேண்டும். வளைவின் நடுவே பிறேக்கை அழுத்துவோனுக்குத் திரும்புதற்குரிய பங்கு குறைகின்றது. வண்டி தடத்தைவிட்டு விலகுகின்றது. பிறேக்கை அழுத்துங்கால் பாரம் முன் ரயர்களின் மேற் சாய்வதனால் பின் ரயர்கள் பிடிப்பை இழப்பதும் உண்டு. இத்தகைய கணக்குக்களை ஒவ்வொரு செக்கனிலும் பன்முறை செய்தலே மெய்ம்மையின் உயிர்நிலை. வண்டியின் பளபளப்பு அதன் ஆடை மட்டுமே. கசுனோரி யமவுச்சி என்பாரின் தலைமையில் ஏறக்குறைய ஐந்தாண்டு உழைப்பின் பயனாக 1997 டிசெம்பரில் யப்பானில் வெளிவந்த 'கிரான் துரிஸ்மோ', இவ்வுண்மையை வீட்டுக் கருவியில் ஆடுவோர் பலருக்கும் உணர்த்தியது. அதனைக் கைக்குள் அடக்கல் கூடுமா என்பதே அடுத்தெழுந்த வினா.

சோனி நிறுவனம் தனது 'பிளேஸ்டேசன் போட்டபிள்' கருவியை 2004 டிசெம்பரில் யப்பானில் வெளியிட்டது. கிரான் துரிஸ்மோ அக்கருவிக்கு வருமென அவ்வாண்டிலேயே அறிவிக்கப்பட்டது. ஆனால் அது வந்ததோ 2009 ஒக்டோபர் முதலாந் திகதியில். காத்திருந்தோருட் பலர் வீட்டுக் கருவிகளுக்கென வந்த பிற பந்தயங்களின் சிறு வடிவங்களை ஆடித் தணிந்தனர்.

வந்த நூலில் (விளையாட்டை நூலென்றல் மிகையாயினும், அதன் வண்டிப் பட்டியலைப் பார்த்தோர் இச்சொல்லை மறுக்கமாட்டார்) ஏறக்குறைய 800 வண்டிகள் இருந்தன. திரையிலே செக்கனுக்கு 60 படங்கள் ஓடின. பிறேக்கிட்டால் வண்டி முன்சாய்ந்தது. மிகைபட முடுக்கினால் பின்புறம் வழுக்கியது. 32 மெகாபைற்று முதன்மை நினைவகமே கொண்ட அக்கருவியில் இது எளிய செயலன்று.

ஆயின் கொடுத்த விலை யாது? தடத்தில் ஓடிய வண்டிகள் நான்கே. வீட்டுக் கருவிக்கு வந்த நான்காம் கிரான் துரிஸ்மோவிலோ ஆறு வண்டிகள் ஓடின. படிப்படியாக வென்று மேலேறும் போட்டித் தொடர்களும் நீக்கப்பட்டன. எஞ்சியவை தனிப் பந்தயம், நேர ஓட்டம், வழுக்கோட்டம், ஓட்டுதற் பயிற்சிகள் ஆகியனவே. வண்டியின் மெய்ம்மை காக்கப்பட்டது. பந்தயத்தின் மெய்ம்மை கைவிடப்பட்டது. நெரிசலிற் புகுந்து இடம்பிடித்தலும், ஒரு பருவம் முழுவதும் புள்ளி சேர்த்தலும் இன்றிப் பந்தயம் ஏது என்று குறைகூறினோர் உளர். அக்குறை நியாயமானதே. எனினும், இரண்டில் ஒன்றையே கொள்ளலாம் எனின் முன்னையதைக் கொண்டது பிழையன்று என்பதே எமது துணிபு. பிடிப்பின் கணக்குப் பொய்யாகுமிடத்து இருபது வண்டிகள் சூழ்ந்தோடினும் அவை இருபது பொம்மைகளே.

இதனினும் பெரிய இடர் ஒன்று ஆடுவோன் கையில் இருந்தது. மெய்வண்டியின் சுக்கான் ஒருபுறக் கோடியிலிருந்து மறுபுறக் கோடிவரை முழுச் சுற்றுக்கள் சிலவாகச் சுழல்வது. போட்டபிளின் சிறு குமிழோ இடப் பெருவிரலின் கீழ்ச் சில மில்லிமீற்றர் மட்டுமே நகரும். இரண்டாம் பிளேஸ்டேசனின் பொத்தான்கள் அழுத்தத்தின் அளவை உணர்வன. போட்டபிளின் பொத்தான்கள் அழுத்தம், அழுத்தாமை என்ற இரண்டையே அறிவன. ஆகவே ஆர்முடுக்கியைப் பாதியளவு மிதித்தல் என்பது அங்கே இல்லை. பொத்தானைத் தட்டித் தட்டியே அதனை ஈடுசெய்தல் வேண்டும். கணக்கு நுண்ணியது, அக்கணக்கிற்குக் கை அளிக்கும் விடை பரும்படியானது. கிரான் துரிஸ்மோ ஆட்டத்தில் 2008 இற் போட்டியிட்டு வென்ற ஸ்பானியரான லூகாஸ் ஓடோனியஸ், 2011 இல் லெ மான் 24 மணிப் பந்தயத்தில் தமது வகுப்பில் இரண்டாமிடம் பெற்றார். அவர் வெல்லக் களமாயிருந்தது வீட்டுக் கருவி என்பது ஈண்டு நோக்கற்பாலது.

பின்வந்த 'வீற்றா' கருவியிற் குமிழ்கள் இரண்டு இருந்தும் கிரான் துரிஸ்மோ அதற்கு வரவேயில்லை. நின்டெண்டோவின் 'சுவிச்' கருவிக்கு 2019 இல் வந்த 'கிறிட் ஓட்டோஸ்போட்' கருவியையே சாய்த்துத் திருப்பும் முறையை அளித்தது. அக்கருவியின் விசைகளோ முன்போலவே அழுத்தத்தின் அளவை அறியாதன. 2022 பெப்ரவரியில் வெளிவந்த 'ஸ்ரீம் டெக்' கருவியிலே விரலின் அழுத்த அளவை உணரும் விசைகள் அமைந்தன. கணனிக்கென எழுதப்பட்ட இத்தாலிய 'அசெற்றோ கோர்சா' அக்கருவியில் இயங்குகின்றது. வலச் சுட்டுவிரலாற் பாதி மிதித்து, வளைவின் முடிவில் மெல்ல மெல்ல முழுமைக்குக் கொண்டுசெல்லல் அதிற் கூடும். சுக்கானுக்கு மட்டும் இன்றும் பெரும்பாலும் பெருவிரலே.