மருந்தாளர் வேதனமும் வாழ்க்கைச் செலவும்: இலங்கை பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஒரு தொழிலுக்குத் தேவை மிகுந்தால் அதற்குரிய வேதனமும் உயரும் என்பது பொருளியலாளர் கூறும் பொது விதி. இலங்கையின் மருந்தாளர் தொழில் இவ்விதிக்கு இலகுவில் அடங்குவதில்லை. மருந்தாளர் பற்றாக்குறை பல தசாப்தங்களாகப் பேசப்பட்டு வந்துள்ளபோதும், தனியார் பாமசிகளிற் பணிபுரிவோரின் வேதனம் வாழ்க்கைச் செலவைத் துரத்திச் செல்வதாகவே இருந்துள்ளது. இம்முரண்பாட்டின் வேரை இத்தொழில் உருவான முறையிலேயே தேடவேண்டும்.

இலங்கைக்கு இத்தொழிலின் வடிவம் பிரித்தானியாவிலிருந்தே வந்தது. 'அப்போதிக்கரி' என யாழ்ப்பாணத்து முதியோர் வழங்கிய சொல்லே அதற்குச் சான்று. இலண்டன் அப்போதிக்கரிகள் 1617இல் தமக்கெனத் தனிச் சங்கம் பெற்றனர். நோயாளிக்கு மருந்து இன்னதென விதிக்கும் உரிமை தமக்கே உரியதென மருத்துவர் கல்லூரியினர் வாதிட்டனர். வில்லியம் ரோஸ் என்னும் அப்போதிக்கரி மீது அவர்கள் தொடுத்த வழக்கில், 1704இல் பிரபுக்கள் சபை ரோசுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. ஆயினும் அவ்வெற்றியில் ஒரு குறை இருந்தது. அப்போதிக்கரி ஆலோசனை கூறலாம். ஆனால் ஆலோசனைக்குக் கட்டணம் அறவிடலாகாது. விற்ற மருந்துக்கு மட்டுமே பணம் பெறலாம். எனவே அவரது அறிவின் விலை மருந்துப் போத்தலின் விலைக்குள் மறைந்தது. அறிவுக்கு விலையில்லை, சரக்குக்கே விலை என்ற இவ்வழக்கம் பின்வந்த மருந்தாளரையும் விட்டகலவில்லை எனலாம்.

இலங்கையில் வேதனம் என்ற பிரச்சினை முதலில் வேறொரு வடிவில் எழுந்தது. 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், முதலில் ஆங்கிலத்திலேயே மாணவரைப் பயிற்றினார். ஆங்கிலம் கற்றவருக்கோ அரசாங்க உத்தியோகமும் அதன் மாதச் சம்பளமும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. பயின்றோர் கிராமங்களில் தங்காது உத்தியோகத்தை நாடினர். 1860களில் கிறீன் தமிழ்வழிப் போதனைக்கு மாறியதற்கு இதுவும் ஒரு காரணமாகும். அவருடைய தமிழ் மருத்துவ நூல்களைத் தமிழ்ப் பணியாக மட்டும் போற்றுவோர், அதன் பின்னிருந்த இச்சம்பளக் கணக்கைக் காணத் தவறுவதுண்டு. பயிற்சி பெற்றவரை ஊரில் நிறுத்தக் கூடிய வேதனத்தை ஊர் வழங்க இயலாதபோது, மொழியைக் கொண்டு நிறுத்த முயன்றார் அவர். இன்று பட்டம் பெற்ற மருந்தாளர் வெளிநாடு செல்வது குறித்துப் பேசுவோருக்கு இது பழைய கதையாகவே தோன்றும்.

1870இல் கொழும்பு மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. 1927ஆம் ஆண்டின் மருத்துவக் கட்டளைச் சட்டம் மருந்தாளரைப் பதிவு செய்யப்படும் தொழிலாளராக்கியது. பதிவு மதிப்பைத் தந்தது. வேதனத்துக்கு உத்தரவாதம் தரவில்லை. அரசாங்க வைத்தியசாலையில் இருந்தவர் சம்பளப் படிநிலையில் இடம்பெற்றார். தனியார் கடையில் இருந்தவரது வருமானமோ கடை முதலாளியின் இலாபத்தையே சார்ந்திருந்தது.

இவ்விலாபத்தின் அடித்தளத்தையே அசைத்த நிகழ்ச்சி 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தோற்றுவிக்கப்பட்டமையாகும். பேராசிரியர் சேனக பிபிலை அதன் முதலாவது தலைவரானார். வர்த்தகப் பெயர்கள் பலவற்றில் வந்த ஒரே மருந்தை அதன் மூலப் பெயரில் மொத்தமாகக் கொள்வனவு செய்து, இறக்குமதிச் செலவைக் குறைப்பதே அவர் கொள்கை. ஏழை நோயாளிக்கு இதனால் விளைந்த நன்மை மறுக்கவியலாதது. 1977இல் அவர் கயானாவில் மறைந்த பின்னரும் உலக நாடுகள் பல இக்கொள்கையை எடுத்துப் பேசின. எனினும் விலையின் நூற்றுவீதமாக இலாபம் பெறும் கடைக்கு, விலை குறையுமிடத்து வருமானமும் குறையும் என்பது வெறும் கணக்கு. மருந்தாளரின் உழைப்பு மருந்தின் விலையோடு பிணைக்கப்பட்டிருந்தமையே இங்கு குறைபாடு. மலிவு மருந்து அன்று. நோயாளிக்கும் மருந்தாளருக்கும் இடையே இல்லாத பகையை இப்பிணைப்பே உண்டாக்கியது.

1977 நவம்பரில் ரூபாவின் பெறுமதி பெரிதும் குறைக்கப்பட்டு, டொலரொன்று ஏறக்குறைய 16 ரூபாவாயிற்று. திறந்த பொருளாதாரம் மத்திய கிழக்கின் வாயிலையும் திறந்தது. 1980ஆம் ஆண்டின் 27ஆம் இலக்க அழகுசாதனப் பொருட்கள், சாதனங்கள், மருந்துகள் சட்டத்தின் கீழ் மருந்து விற்பனைக்கு உரிமம் வேண்டியதாயிற்று. பதிவு பெற்ற மருந்தாளர் ஒருவர் கடைக்கு இன்றியமையாதவரானார். தேவை சட்டத்தினாலேயே உருவாக்கப்பட்டது என்பது இதன் பொருள். ஆனால் சில முதலாளிகள் வேண்டியது மருந்தாளரை அன்று, சுவரில் தொங்கும் அவரது சான்றிதழை. சான்றிதழ் ஒரு கடையிலும் அதன் உரிமையாளர் வேறோரிடத்திலும் இருக்கும் நிலை பலரும் அறிந்த இரகசியம். பெயரை வாடகைக்குக் கொடுத்து ஒருவர் வருமானத்தை ஈடுசெய்யும்போது, முழுநாளும் கடையில் நிற்கும் மற்றவரது வேதனம் கீழே இழுக்கப்படுகின்றது. மருந்துச் சீட்டை வாசிப்பதோ பயிற்சியற்ற உதவியாளர். தவறு நேர்ந்தால் அதன் விலையைக் கொடுப்பவர் நோயாளியே.

2016இல் 48 மருந்துகளுக்கு உச்ச சில்லறை விலை விதிக்கப்பட்டது. அடுத்த பெருஞ் சோதனை 2022இல் வந்தது. அவ்வாண்டு மார்ச்சுக்கு முன் ஏறக்குறைய 200 ரூபாவாயிருந்த டொலர் சில வாரங்களில் 360 ரூபாவைத் தொட்டது. செப்டெம்பரிற் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதம், உணவுப் பொருட்களில் 94.9 வீதம். அரசாங்க ஊழியருக்கு அவ்வாண்டு ஜனவரியில் 5,000 ரூபா விசேட கொடுப்பனவு வழங்கப்பட்டிருந்தது. வழங்கிய வேளையில் அது 25 டொலர். மே மாதத்தில் 14 டொலருக்குக் கீழ். மருந்தின் விலைகளை உயர்த்த அரசாங்கம் அனுமதித்தது. இறக்குமதியாளருக்கு அது உயிர்மூச்சு. கடையில் மருந்தை எண்ணிக் கொடுத்தவரின் வேதனத்தை உயர்த்த அவ்வாறான கட்டளை எதுவும் வரவில்லை. 2024இல் அரசாங்க ஊழியரின் வாழ்க்கைச் செலவுப் படி 7,800 ரூபாவிலிருந்து 17,800 ரூபாவாக உயர்த்தப்பட்டது. வைத்தியசாலை மருந்தாளருக்கு அது கிடைத்தது. வைத்தியசாலை வாயிலுக்கு எதிரே, அதே மருந்தை அதே நோயாளிக்கு வழங்கும் பாமசி மருந்தாளரை அச்சுற்றறிக்கை கட்டுப்படுத்தவில்லை.