கொடையாளர் பெயரும் ரேந்தைக் கணக்கும்: தேரிக்காட்டுப் பெண்கல்வி குறித்த ஒரு மறுவாசிப்பு

திருநெல்வேலி மிஷன் வட்டாரத்தில் பெண்கல்வி வேர்பிடித்த வரலாற்றுக்கு இரண்டு விளக்கங்கள் வழங்கிவருகின்றன. நன்றியுணர்வில் எழுதப்பட்ட விளக்கம், கடல்கடந்து வந்த கருணை இருளை விலக்கியது என்கிறது. ஐயத்தில் எழுதப்பட்ட விளக்கமோ, கருணை என்ற பெயரில் வந்தது ஓர் ஒழுங்குமுறை என்றும், அது பெண்ணை ஊசியோடும் நூலோடும் மூலையில் உட்காரவைத்தது என்றும் வாதிடுகிறது. இரண்டும் ஒன்றையொன்று மறுப்பதாகத் தோன்றினாலும் கொடுத்தவர் அங்கே, வாங்கியவள் இங்கே என்ற அடிப்படையில் இரண்டுக்கும் கருத்து வேறுபாடு இல்லை. இந்த உடன்பாட்டைத்தான் இக்கட்டுரை கேள்விக்கு உட்படுத்துகிறது. இடையன்குடி முதல் மெய்ஞ்ஞானபுரம், நாசரேத்து, சாயர்புரம் வரை நீளும் செம்மணல் தேரி நாட்டில், பெண்பிள்ளைகளுக்கான பள்ளி எந்த வடிவம் எடுக்க வேண்டும் என்பதைப் பெரிதும் தீர்மானித்தது பனைத்தொழிலின் உழைப்புக் கணக்கு. ரேந்தை (லேஸ்) பின்னிய இடங்களில், செலவின் ஒரு பகுதியைச் சுமந்தவை அச்சிறுமிகளின் கைகள்.

முன்னைய ஆய்வுகள் இரு தரப்பிலும் சாட்சிக்கு அழைப்பது ஒரே நூலை. இடையன்குடி மிஷனரி ராபர்ட் கால்டுவெல் 1849இல் சென்னையில் அச்சிட்ட, திருநெல்வேலிச் சாணார் பற்றிய சிறுநூல் அது. (பனைத்தொழில் செய்த அச்சமூகத்தார் ஏற்காத அப்பெயரை நூற்பெயராக மட்டுமே இங்கு வைத்துக்கொள்கிறேன்.) பேய் வழிபாடு, மறுமை பற்றிய எண்ணமின்மை, அறிவு மந்தம் என்று அந்நூல் அடுக்கும் குறைகளிலிருந்து, பெண்ணைப் படிக்க விடாமல் தடுத்தது வழக்கமும் மனப்போக்குமே என்ற முடிவுக்கு ஒரு சாரார் வந்தனர். மற்றொரு சாரார், இவை யாவும் காலனியக் கற்பனை என்று நூலையே ஒதுக்கினர். ஒதுக்குவது எளிது, இழப்பும் அதிகம். நூலின் துணைத்தலைப்பை ஊன்றிப் பார்த்தாலே, அது இன வரைவியல் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளவில்லை என்பது தெரியும். அந்தச் சாதியாரிடையே கிறிஸ்தவம் பரவுவதற்குள்ள வசதிகளையும் தடைகளையும் தனிக் கவனத்தோடு காட்டுவதாக அது அறிவிக்கிறது. மறு ஆண்டே லண்டனில் நற்செய்தி பரப்புக் கழகத்துக்காக அது மீண்டும் அச்சேறியது. தடை பெரிதென்றால் தேவையும் பெரிது. தேவை பெரிதென்றால் சந்தாவும் வரும். கொடை கேட்கும் எழுத்துக்கு உரிய இந்த இலக்கணத்தை மறந்துவிட்டு நூலின் வருணனைகளை நேர்ச்சாட்சியமாகக் கொள்வது, கடை விளம்பரத்தைச் சரக்குக் கணக்காகப் படிப்பதற்குச் சமம்.

ஆயினும் அந்நூல் ஒரே குரலில் பேசவில்லை. சமயத்தையும் குணத்தையும் எடுத்துக்கொள்ளும்போது கால்டுவெல் இயல்பு, பரம்பரை என்று பேசுகிறார். பனையை எடுத்துக்கொள்ளும்போது வேலையைப் பேசுகிறார். பெண்கல்வி பற்றிய வாதங்களுக்கு இதுவரை முதற்குரலையே அழைத்திருக்கிறோம். இரண்டாவதைத்தான் அழைத்திருக்க வேண்டும் என்பது என் துணிபு. பனைத்தொழிலில் ஏறுவது ஆண், காய்ச்சுவது பெண். பருவ மாதங்களில் இறக்கிய பதநீரை அன்றன்றே காய்ச்சியாக வேண்டும், தவறினால் புளித்துப்போகும். பதநீர் காய்ச்சும் குடிசையான விடிலியில் அடுப்பு எரிய விறகும் சருகும் பொறுக்க வேண்டும், பாகு பதம் பார்க்க வேண்டும், கொட்டாங்கச்சியில் ஊற்றிக் கருப்பட்டி எடுக்க வேண்டும். தாயின் கை இதில் கட்டுண்டு கிடக்கும்போது, கைக்குழந்தையும் விறகும் தண்ணீரும் மூத்த மகளின் பொறுப்பாகின்றன. அந்த மகளைப் பகல் பள்ளிக்கு அனுப்பும் குடும்பம் கட்டணம் எதுவும் கட்டாமலேயே ஓர் ஆள் கூலியை இழந்தது.

வழக்கமே தடை என்ற விளக்கம் தடுமாறுவது இங்கேதான். மனப்போக்கு உண்மையிலேயே தடையாக இருந்திருந்தால், பெற்றோர் கண்ணெதிரே மாலையில் வீடு திரும்பும் பகல் பள்ளி ஏற்புடையதாகவும், மகளை அயலார் வளாகத்தில் தங்கவிடும் விடுதிப் பள்ளி அருவருப்பாகவும் இருந்திருக்க வேண்டும். நடந்தது வேறு. பெண்பிள்ளைகள் ஆண்டுக் கணக்கில் நிலைத்துப் படித்தது விடுதிப் பள்ளிகளில். மெய்ஞ்ஞானபுரத்தில் மிஷனரி ஜான் தாமஸின் மனைவி மேரி நடத்தியதும், இடையன்குடியில் 1844இல் ராபர்ட் கால்டுவெல்லை மணந்து வந்த எலைசா நடத்தியதும் அவ்வகைப் பள்ளிகளே. விடுதி ஒரு வாயின் சோற்றுச் செலவைக் குடும்பத்தின் தலையிலிருந்து இறக்கியது. இழந்த கூலிக்கு ஓரளவு ஈடு கிடைத்தது. அங்கு சேர்ந்தவர்களில் உபதேசியார் மகள்களும் அநாதைகளும் பலர், ஆகவே அவர்களை வைத்துப் பனையேறிக் குடும்பத்தை அளக்கக் கூடாது என்பார்கள். இந்த மறுப்பு பாதி சரி. ஆனால் உபதேசியாரின் சொற்பச் சம்பளம் அவர் மகளைக் கருப்பட்டிப் பொருளாதாரத்திலிருந்து வெளியே தூக்கிவிடவில்லை. அநாதையைப் பொறுத்தவரை சோறு ஒன்றே போதுமான காரணம்.

இனி ரேந்தை. நாகர்கோவில் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் 1820களின் தொடக்கத்தில் பள்ளிச் சிறுமிகளுக்குக் கற்றுக்கொடுத்த இக்கைத்தொழிலை, அவர் மகள் எலைசா இடையன்குடிக்குக் கொண்டுவந்தார். திருவிதாங்கூர் மிஷன் எழுத்துகளில் திரும்பத் திரும்ப வரும் செய்தி ஒன்று உண்டு. அடிமைச் சிறுமிகள் சிலர் ரேந்தையில் ஈட்டிய பணத்தைக் கொடுத்துத் தம்மை மீட்டுக்கொண்டார்கள் என்பது அது. மிஷனரிகளின் பெருமைப் பேச்சு என்று இதைத் தள்ளுவது இப்போது வழக்கமாகிவிட்டது. பெருமை இருக்கிறது, மறுக்கவில்லை. எத்தனை பேர் என்பதை ஊதிப் பெருக்கியிருக்கலாம். ஆனால் அந்தப் பெருமையைச் சொல்ல வேண்டுமானால் சில ஏற்பாடுகள் முன்பே இருந்தாக வேண்டும். சிறுமியின் உழைப்புக்குத் தனியே கூலி கணிக்கப்பட்டிருக்க வேண்டும். அக்கூலி அவள் பெயரில் சேர்ந்திருக்க வேண்டும். உடையவன் அதை விலையாக ஏற்றிருக்க வேண்டும். திருவிதாங்கூர் அரசு அடிமைமுறையைச் சட்டப்படி ஒழித்தது 1855இல்தான் என்பதை நினைத்தால், பெண்ணின் பெயரில் காசு சேர்வது எவ்வளவு பெரிய செய்தி என்பது புரியும். கருணையை மெச்ச எழுதியவர்கள், அறியாமலேயே, பெறுபவளைக் கொடுப்பவளாகப் பதிவுசெய்துவிட்டார்கள்.

ரேந்தை அடக்கத்தையும் குனிந்த தலையையும் பயிற்றியது என்ற வாதத்துக்கு நீண்ட மறுமொழி தேவையில்லை. விடிலி அடுப்பின் முன்னால் யாரும் தலைநிமிர்ந்து நிற்கவில்லை. கோதாவரிப் பக்கத்து நரசாபுரத்தில் இதே தொழில் வணிகர் கைக்குப் போய், பின்னுபவர்களை முகமற்ற கூலிகளாக்கியது என்ற எடுத்துக்காட்டு கனமானது. அதை ஏற்கிறேன். அது காட்டுவது, தொழிலைவிட முக்கியம் கணக்கு யார் கையில் இருந்தது என்பதே. இடையன்குடியிலும் அந்தக் கணக்கு மிஷன் வளாகத்தைத் தாண்டியதும் என்ன ஆயிற்று என்பது தனியே ஆராயத்தக்கது.

பெயர்ப்பலகைகள் இந்தக் கணக்கைப் பேசாததில் வியப்பில்லை. தோனாவூர் என்ற பெயரில் ஜெர்மானியப் பிரபு தோனா இருக்கிறார். சாயர்புரத்தில் நிலம் வாங்கித் தந்த சாயர். நாகர்கோவில் பக்கத்து விடுதிகளில் சந்தா அனுப்பிய இங்கிலாந்துக்காரரின் பெயரைச் சிறுமிக்கே சூட்டும் வழக்கமும் இருந்தது. பாளையங்கோட்டையில் ஆசிரியைகளைப் பயிற்றிய பள்ளிக்கும், 1895இல் அங்கு உருவான பெண்கள் கல்லூரிக்கும் பெயர் தந்த ஆங்கிலேய எழுத்தாளர் சாரா டக்கர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. தென்னிந்திய மிஷன் பற்றி 1842இலும் 1843இலும் எழுதிய அதே பேனாவால் 1853இல் மேற்கு ஆப்பிரிக்காவின் அபியோகுட்டா பற்றியும் எழுதினார். தேரிக்காடும் யோருபா நாடும் ஒரே மேசையில், ஒரே வாசகர் கூட்டத்துக்காக எழுதப்பட்டன. அபியோகுட்டா மிஷனை அழைத்தவர்கள் யார் என்று பார்த்தால் இங்குள்ள அதே சிக்கல் தென்படுகிறது. அடிமைக் கப்பல்களிலிருந்து மீட்கப்பட்டுச் சியரா லியோனில் இறக்கிவிடப்பட்டு, பின்பு தாமே ஊர் திரும்பிய யோருபா இனத்து எக்பா மக்கள்தான் முதலில் குருமாரைக் கேட்டு ஆளனுப்பினர். 1846இல் மிஷன் அமைந்தது அதற்குப் பிறகு. கொடை போகுமிடத்தில் கேட்பவர் ஏற்கெனவே எழுந்து நிற்கிறார்; கொடைக் கதையில் அவர் உட்கார்ந்திருக்கிறார்.

இன்றைய ஆப்பிரிக்கச் சான்று ஒன்றும் இவ்வாசிப்புக்குத் துணைநிற்கிறது. 1991இல் ஜிம்பாப்வேயின் மோலா என்ற ஊருக்குப் போன பிரிட்டிஷ் கல்வியாளர் ஆன் காட்டன், பெண்பிள்ளைகள் பள்ளிக்கு வராததற்குப் பெற்றோரின் பண்பாட்டு எதிர்ப்பே காரணம் என்று கேள்விப்பட்டிருந்தார். அங்கே அவர் கண்ட காரணம் வறுமை. 1993இல் அவர் தொடங்கிய கேம்ஃபெட் அமைப்பு கட்டணத்தையும் பள்ளிச் செலவையும் ஏற்றது. 1998இல் முன்னாள் மாணவியரின் சங்கம் உருவாகி, படித்துமுடித்தவர்கள் அடுத்த தலைமுறைச் சிறுமிகளைத் தாங்கத் தொடங்கினர். இதேபோல் பாளையங்கோட்டையில் பயிற்சி பெற்றுச் சம்பளத்தோடு கிராமப் பள்ளிக்குத் திரும்பிய ஆசிரியைகளின் வரலாற்றை இந்தக் கோணத்தில் இன்னும் யாரும் முறையாக எழுதவில்லை. காலம் வேறு, நாடு வேறு என்ற எச்சரிக்கை தேவைதான். ஆனாலும் பண்பாட்டைக் குற்றம் சொல்லும் விளக்கத்தை ஒன்றரை நூற்றாண்டு இடைவெளியில் அதே கேள்வி வீழ்த்துகிறது: அச்சிறுமி பள்ளிக்கு வந்தால் வீட்டு வேலை யார் தலையில் விழும்?

இவ்வாதத்துக்கு உண்மையான சோதனை கடற்கரையில் இருக்கிறது. தேரியிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் முத்துக்குளித்துறை. 1540களிலேயே பிரான்சிஸ் சேவியர் வந்துபோன பரதவர் ஊர்கள். கிறிஸ்தவம் அங்கே மூன்று நூற்றாண்டு மூத்தது. ஆனால் தூத்துக்குடி மறைமாவட்டத்தின் முதல் ஆயர் ரோச் காலத்தில், 1948இல்தான் தூய மரியன்னை கல்லூரி பெண்களுக்காக எழுந்தது. பாளையங்கோட்டைக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் பிந்தி. கத்தோலிக்க, புராட்டஸ்டண்ட் சபைகளின் நிர்வாக வேறுபாட்டை இதற்குக் காரணம் சொல்வார்கள். அதற்கு இடமுண்டு. இருப்பினும் முத்துக்குளிப்பு பல ஆண்டுகள் நடக்காமலே போகும்; நடந்த ஆண்டில் அள்ளிய சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்காருக்கு, ஒரு பங்கு குளிப்பவர்களுக்கு. அந்தப் பங்கு ஆணின் கைக்குப் போனது. சிறுமியின் பெயரில் மாதந்தோறும் சேரும் காசு என்ற ஏற்பாட்டுக்கு அந்தப் பொருளாதாரத்தில் இடமில்லை. சபைப் பிரிவை விளக்கமாக ஏற்பதற்கு முன், கடற்கரைப் பங்குகளின் பழைய வரவுசெலவேடுகளை இடையன்குடி ரேந்தைக் கணக்கோடு பக்கத்தில் வைத்துப் படித்தாக வேண்டும்.