புதுவைச் சாலையில் குளிர்ச்சி வந்த வரலாறு

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், அகஸ்தீஸ்வரர் கோயிலால் சைவ அன்பர்களின் வணக்கத்துக்குரியதாய் விளங்கும் கிளியனூர் அமைந்திருக்கிறது. அக்கினி நட்சத்திர நாட்களில், தாரின் வெக்கையும் எஞ்சினின் அனலும் ஒன்றுசேர்ந்து முகத்தில் அறைய, முந்தானையாலும் துண்டாலும் விசிறிக்கொண்டு இவ்வூர் மக்கள் பல தலைமுறைகளாகப் பிரயாணம் செய்து வந்திருக்கிறார்கள். இன்று அதே சாலையில், கண்ணாடிகளை இறுக மூடிய ஏ.சி. பஸ்கள் விரைகின்றன. அந்தக் குளிர்ச்சி இங்கே வந்து சேர ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் ஆயின என்பதை நாம் சிந்திப்பதில்லை.

வெட்டிவேர்த் தட்டியை நனைத்து வாசலில் தொங்கவிடுவதும், மண்பானையில் நீரை ஊற்றி வைப்பதும் நம் முன்னோர் கண்ட உபாயங்கள். நீர் ஆவியாகும்போது சுற்றிலுமுள்ள உஷ்ணத்தைக் கிரஹித்துக்கொள்கிறது என்ற இயற்கை நியதியே இவ்விரண்டுக்கும் ஆதாரம். ஆனால், ஆங்கிலேயப் பிரபுக்களுக்கு இது போதவில்லை. அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து வியாபாரி ஃப்ரெடரிக் டியூடர், உறைந்த ஏரிகளிலிருந்து வெட்டிய பனிக்கட்டியை மரத்தூளில் பொதிந்து, மாதக்கணக்கில் கடல் கடந்து கொணர்ந்து, சென்னைக் கடற்கரையில் 1842-ல் எழுந்த ஐஸ் ஹவுஸில் சேமித்து விற்றார். பின்னாளில் சுவாமி விவேகானந்தர் தங்கியதால் புனிதம் பெற்று, இன்று விவேகானந்தர் இல்லமாகத் திகழும் கட்டடம் அதுவே. நீராவி யந்திரங்கள் உள்ளூரிலேயே பனிக்கட்டி செய்யத் தொடங்கியதும் அந்த வியாபாரம் ஓய்ந்தது.

பிரயாணத்தில் குளிர்ச்சி முதலில் ரயிலுக்கே வாய்த்தது. 1934-ல் பம்பாய்க்கும் பெஷாவருக்கும் இடையே ஓடிய ஃப்ரான்டியர் மெயிலில், பெட்டியின் அடித்தளத்தில் பனிக்கட்டிகளை அடுக்கி, அவற்றின்மேல் காற்றைச் செலுத்தி உள்ளே அனுப்பினார்கள். உருகியதற்கு ஈடாக வழியிலுள்ள நிலையங்களில் புதுக்கட்டிகள் ஏற்றப்பட்டன. அதே பத்தாண்டில், நச்சில்லாத ஃப்ரியான் என்னும் குளிரூட்டும் பொருள் புழக்கத்துக்கு வந்ததன் பயனாய், ஓடும் வண்டியிலேயே குளிர்சாதன யந்திரத்தை வைப்பது சாத்தியமாயிற்று. டமாஸ்கஸுக்கும் பாக்தாதுக்கும் இடையிலான பாலைவனத்தில் நெய்ர்ன் சகோதரர்களின் நிறுவனம் 1937 வாக்கில் குளிரூட்டிய பஸ்ஸை ஓட்டியது.

நம் நாட்டிலோ பஸ் பிரயாணியின் கதி வேறாக இருந்தது. மழைக்குப் படுதாவை இறக்கிவிட்டு, வெயிலுக்கு அதைச் சுருட்டிக் கட்டிக்கொண்டு ஓடிய வண்டிகள் அவை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பெட்ரோல் அரிதாகவே, கரியை எரித்து வாயு உண்டாக்கும் உலையையும் வண்டியோடு இணைத்து ஓட்டினார்கள். வெயிலின் வெம்மை போதாதென்று நெருப்பையும் உடன் சுமந்துகொண்டு ஜனங்கள் பிரயாணம் செய்தார்கள்.

இனி இன்றைய யந்திரத்தின் தன்மையைப் பார்ப்போம். வெட்டிவேர்த் தட்டியின் அதே தத்துவம் இங்கே மூடிய குழாய்க்குள் நிகழ்கிறது. மெக்கானிக்குகள் ‘கேஸ்’ என்று சொல்லும் குளிரூட்டும் பொருளைக் கம்ப்ரஸர் அழுத்திச் சூடேற்ற, கூரைமேலோ பின்புறமோ அமைந்த கண்டன்ஸரில் அது தன் உஷ்ணத்தை வெளிக்காற்றில் விட்டுத் திரவமாகிறது. குறுகிய வால்வின் வழியே புகுந்ததும் அழுத்தம் சட்டெனக் குறைய, கூலிங் காயிலில் ஆவியாகி, பிரயாணிகளைச் சுற்றியுள்ள காற்றின் உஷ்ணத்தை வாங்கிக்கொண்டு மீண்டும் கம்ப்ரஸருக்குத் திரும்புகிறது. அக்காற்றிலுள்ள ஈரமும் காயிலில் நீராய்ப் படிவதால்தான், கடற்காற்று மிகுந்த இப்பகுதியில் நிற்கும் ஏ.சி. வண்டியின் அடியில் நீர் சொட்டிக்கொண்டே இருக்கிறது.

இந்த யந்திரங்களின் வலிமையை இன்றும் பனிக்கட்டியைக் கொண்டே அளக்கிறார்கள். சுமார் 900 கிலோ பனிக்கட்டியை 24 மணி நேரத்தில் உருக்கும் அளவு உஷ்ணத்தை நீக்கும் திறனே ஒரு டன். அமர்ந்திருக்கும் மனிதரின் உடல் ஏறக்குறைய 100 வாட் உஷ்ணத்தை வெளியிடுவதால், 40 பேரின் சூட்டை அகற்றவே ஒரு டன்னுக்குச் சற்று அதிகம் வேண்டும். கூரையிலும் கண்ணாடியிலும் காயும் வெயிலையும், கதவு திறக்கும்போதெல்லாம் புகும் அனலையும் சேர்த்தால், பெரிய பஸ்ஸுக்கு எட்டு முதல் பத்து டன் வரை தேவைப்படுகிறது. இதற்கெனத் தனி எஞ்சின் ஒன்றைச் சுமந்த வண்டிகளும் உண்டு. பிரதான எஞ்சினிலிருந்தே பெல்ட் மூலம் கம்ப்ரஸரை ஓட்டும் முறை பிற்பாடு பரவியது. ஓசோன் படலத்துக்குக் கேடு செய்த பழைய ஃப்ரியானும், 1987-ல் உருவான மான்ட்ரியல் உடன்படிக்கையின் விளைவாகப் படிப்படியாய் நீங்கியது.

இனி நம் சாலைகளுக்குத் திரும்புவோம். விழுப்புரத்தில் 1975-ல் தந்தை பெரியார் போக்குவரத்துக் கழகம் உதயமாயிற்று; தொலைதூரச் சேவைக்கு 1980-ல் திருவள்ளுவர் போக்குவரத்துக் கழகம் தோன்றியது. பெங்களூருக்கு அருகே வால்வோ நிறுவனம் 2001-ல் தொடங்கிய பஸ் உற்பத்தி, குளிர்சாதனப் பிரயாணம் தென்னாட்டில் பரவ உறுதுணையாயிற்று. அரசு விரைவுப் போக்குவரத்துக் கழகம் 2018-ல் குளிர்சாதனப் படுக்கை வண்டிகளை அறிமுகப்படுத்தியது. சென்னை மாநகரில் 2025-ல், பேட்டரியின் மின்சாரத்தாலேயே கம்ப்ரஸரும் இயங்கும் தாழ்தளக் குளிர்சாதனப் பேருந்துகள் ஓடத் தொடங்கின.

ஐஸ் ஹவுஸில் பிரபுக்களுக்கு மட்டும் உரியதாயிருந்த குளிர்ச்சி, இவ்வாறு மாநகரத்துச் சாமானியர் வரை இறங்கி வந்துவிட்டது. கிராமத்து நிறுத்தத்தில் நிற்பவரை மட்டும் அது இன்னும் எட்டவில்லை. தொலைதூர ஏ.சி. வண்டிகள் பெரும்பாலும் நில்லாமலே கடந்து செல்ல, கிளியனூரிலிருந்து ஆஸ்பத்திரிக்குச் செல்லும் கர்ப்பிணியும், கூலி வேலைக்குப் போகும் முதியவரும் தகிக்கும் தகரக் கூரையின் கீழேதான் இன்றும் நின்றுகொண்டு போகிறார்கள். ஆண்டுதோறும் வெயில் கடுமையாகி வரும் இக்காலத்தில் குளிர்ச்சி ஆடம்பரமன்று, ஆரோக்கியத்துக்கு அவசியம். ஆகவே, திண்டிவனத்துக்கும் புதுச்சேரிக்கும் இடையே எல்லா ஊர்களிலும் நின்று செல்லும் பஸ்களில் சிலவற்றையேனும், கோடை மாதங்களிலாவது, ஏழைகளுக்கு எட்டும் கட்டணத்தில் குளிர்சாதன வண்டிகளாக இயக்கும்படி அரசாங்கத்தைக் கேட்டுக்கொள்கிறோம்.