பிடிபட்ட துறைமுகம்

மீன் பிடிப்பதையும் கோட்டை பிடிப்பதையும் ஒரே வினைச்சொல்லால் வழங்கும் நம் பாஷையில், திருகோணமலையின் சரித்திரத்தை அந்த ஒரு சொல்லைக் கொண்டே பெரும்பாலும் எழுதிவிடலாம். கோணேசர் ஆலயத்தை இடித்து, அதன் கற்களாலேயே கோட்டை கட்டிய போர்த்துக்கேயருக்கு அதை நெடுங்காலம் அனுபவிக்கக் கொடுத்துவைக்கவில்லை. கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனோடு உறவு கொண்டிருந்த ஒல்லாந்தர் 1639-இல் அதைப் பிடித்தனர். 1782 ஜனவரியில் ஆங்கிலேயர் பிடிக்க, ஆகஸ்டு இறுதியில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரன் அவர்களிடமிருந்து பிடிக்க, பின்னர் சமாதான உடன்படிக்கையால் ஒல்லாந்தர் கைக்கே மீண்ட அத்துறை, 1795-இல் மறுபடியும் ஆங்கிலேயர் வசமாயிற்று. இத்தனை பிரயாசைக்கும் காரணம் மண்ணாசை மட்டுமன்று. வடகீழ்ப் பருவக்காற்று சீறும் மாதங்களில் சோழமண்டலக் கரைக்கு அண்மையில் போர்க்கப்பல்கள் ஒதுங்கத் தக்க இடம் வேறில்லை என்பதே பிரதானமானது.

1942 ஏப்ரல் 9-இல் ஜப்பானிய விமானங்கள் தாக்கியபோது இங்கே எண்ணெய்த் தாங்கி தீப்பிடித்தது. 1956-இல் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவர் தோழர் மைக் வில்சனும், எந்தக் கோட்டையையும் நாடாமல் கடலுள் மூழ்கி, பழைய ஆலயத்தின் சிதைவுகளைப் படம் பிடித்தார்கள். இங்கே நிகழ்ந்த பிடித்தல்களுள் நிந்தனைக்கு இடமில்லாதது இதுவொன்றே என்பேன். மறு ஆண்டு, 1957-இல், பிரித்தானியக் கடற்படை தன் தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்தது.